படிகாரத்தில் அலசிய மணிகள்

நைனாக்கண்ணு,

இப்படிக் கூப்பிட்டால் உனக்குக் கோபம் வரும். பள்ளிக்கூடத்து ரிஜிஸ்டரில் ஏகாம்பரம் என்று எழுதச் சொன்னவளும் நான்தான், தெருவுக்கே கேட்கிற மாதிரி நைனாக்கண்ணு என்று கத்தினவளும் நான்தான். காஞ்சிபுரத்தில் வேலைக்குச் சேர்ந்த மாசம், "பஸ் ஸ்டாண்டுல நாலு பேர் எதிர்ல அந்தப் பேரு சொல்லாதம்மா, மானம் போவுது" என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். அந்த மானம் என்கிற வார்த்தை இந்த வீட்டில் இன்றைக்கு என்ன கனம் கனக்கிறது என்று உனக்குத் தெரியாது. நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. போனவனுக்கு எந்த விலாசத்துக்கு எழுதுவது? எழுதாமல் இருந்தால் இது என்னைக் கொன்றுவிடும், அதனால் எழுதுகிறேன். மூன்றாவது வரைக்கும் படித்தவள் எழுத்து, கோணலும் மாணலுமாகத்தான் இருக்கும். உன் தங்கை கோமளாவிடம் சொன்னால் முத்து முத்தாக எழுதித் தருவாள். ஆனால் இதை அவள் என் வாயால் கேட்க வேண்டும், அதற்கு முன்னால் காகிதத்தில் பார்க்கக் கூடாது. தையல் கிளாஸ் முடித்து நாலு மணி பஸ்ஸில் வருவாள். அதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை பெருநகர் கிராமத்திலிருந்து உன் தங்கையைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் நல்ல மாதிரி. அவனோடு வந்த அத்தைக்காரிதான் பேசினாள். "பொண்ணு லட்சணமா கீது, படிச்சி கீது, எங்களுக்கு ஒரு கொறையும் இல்ல. ஆனா அண்ணங்காரன் சமாச்சாரம் ஒண்ணு காதுல வுழுந்துது" என்றாள். "செத்துப் போனவனப் பத்தி இன்னாம்மா பேச்சு" என்று நான் சொல்லிப் பார்த்தேன். "செத்தவன் போவட்டும், எடுத்தது தங்கமாச்சே" என்றாள். கோமளா காபித் தட்டோடு அங்கேயே நின்றாள். "எங்கண்ணன் எதையும் எடுக்கல. காபி ஆறிப்போவுது, குடிச்சிட்டுக் கெளம்புங்க" என்றாள். பையன் தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கினான், அவனுக்கு அவளைப் பிடித்துவிட்டது என்று அதிலேயே தெரிந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சொல்லி அனுப்புகிறோம் என்று போயிருக்கிறார்கள். அவர்கள் போனதும் கோமளா தட்டைக் கழுவி வைத்துவிட்டு என்னிடம் ஒன்று சொன்னாள்: "அண்ணன் பேரு சுத்தமாவாம நான் யாரு வூட்டுக்கும் போவ மாட்டேன். அவங்க வேணும்னு சொன்னாலும் போவ மாட்டேன்." இன்றைக்குப் புதன்கிழமை. உன் பேரைச் சுத்தமாக்குகிற வழி என் கையில் இருக்கிறது, நைனா. ஒரு மாசமாக இருக்கிறது. அதைச் சொன்னால் என் மகளும் எனக்கு இல்லாமல் போய்விடுவாளோ என்றுதான் வாயைக் கட்டிக்கொண்டு கிடக்கிறேன்.

எங்கிருந்து ஆரம்பிப்பது? உன் வேலையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பட்டுச் சேலை ஜரிகைக்குத் தங்கமுலாம் பூசுகிற பட்டறை. முலாம் தொட்டியிலிருந்து எடுத்த ஜரிகையைத் தண்ணீரில் முக்கி அலசுவார்கள், அந்த அலசின தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் தங்கம் போகும், அதைப் பிடித்து நிறுத்துவது உன் பொறுப்பு. ஆள் உயரத்துக் குழாய், அதற்குள் கேழ்வரகு மாதிரி மஞ்சள் மணிகள். ரெசின் என்று பேர் சொன்னாய். பிசின்தான், ஆனால் கையில் ஒட்டாத பிசின் என்றாய். தண்ணீர் மேலே போய்க் கீழே வருவதற்குள் தங்கம் அந்த மணிகளில் தங்கிவிடும், மணி நிரம்பினதும் எடுத்துக் காயவைத்து எரித்தால் சாம்பலில் தங்கம் நிற்கும். எனக்குப் புரியவில்லை என்றேன். நீ சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு விளக்கம் சொன்னாய்: "நம்ம உத்திரமேரூர் பஸ்ஸுன்னு வெச்சிக்கம்மா. ஒவ்வொரு மணியிலயும் சீட்டு கீது. எல்லா சீட்டுலயும் மொதல்லயே ஒரு லேசான ஆளு குந்திக்கினு இருப்பான். கனமான ஆளு ஏறினான்னா இவன் எழுந்து எடம் குடுத்துட்டு எறங்கிப் பூடுவான். அவ்ளோதான் வேல." அப்போ கூட்டமாக உப்பு ஏறினால் என்றேன், சும்மா கேட்டு வைத்தேன். நீ என்னை ஆச்சரியமாகப் பார்த்தாய். "ஒரு பஸ் உப்பு வந்தா எல்லாரையும் தள்ளிவுட்டுட்டு மறுபடி அதான் குந்தும். அப்படித்தான் மணிய கழுவறது. நீ பட்டறைக்கு வந்துடும்மா, நான் வூட்ல சோறாக்கறேன்" என்றாய். என் வாழ்க்கையில் என்னைப் புத்திசாலி என்று சொன்ன ஒரே ஆள் நீதான்.

ஆனால் என் கை சும்மா இருக்காத கை. அது உனக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும். பத்தாவது பரீட்சைக்கு முதல் நாள் உன் சட்டையை நன்றாக வெளுக்க வேண்டும் என்று கல்லில் அடித்துத் துவைத்தேன், பையில் இருந்த பரீட்சைச் சீட்டு கூழாக வந்தது. நீ அழவில்லை. ஹெட்மாஸ்டர் வீட்டுக்கு ஓடிப்போய் வேறு வாங்கி வந்தாய். "ஒனக்கு அழுக்குன்னு ஒண்ணு கண்ணுல பட்டா போதும், உள்ள இன்னா கீதுன்னு பாக்க மாட்ட" என்று மட்டும் சொன்னாய். உன் அப்பா செத்த பிறகு வீட்டில் எனக்கு இருந்த பெருமை ஒன்றே ஒன்றுதான், எதுவும் அழுக்காக இருக்காது. நடவுக்குப் போய் வந்தாலும் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்த பிறகுதான் உட்காருவேன். அந்தப் பெருமைதான் உன்னைத் தின்றது.

புது மூட்டை பிரித்த அன்றைக்கு ஒரு பால்பவுடர் டப்பா நிறைய மணி கொண்டுவந்தாய், கோமளா பார்க்க வேண்டும் என்று கேட்டதற்காக. இன்னும் தொட்டித் தண்ணீர் படாத மணி, கையில் எடுக்கலாம், ஒன்றும் ஆகாது என்றாய். நம் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது என்பது ஊருக்கே தெரியும். விறகு தீர்ந்தாலும் தீரும், பருப்பு குழையாது. நீ வேலைக்குப் போன பிறகு நான் ஒரு வேலை செய்தேன். தங்கத்தையே பிடிக்கிற மணி தண்ணீரில் பருப்பை வேகவிடாமல் செய்கிற கடுப்பைப் பிடிக்காதா என்று, ஒரு குடம் தண்ணீரில் மணியைப் போட்டுக் கலக்கிக் கலக்கி வடிகட்டி, அந்தத் தண்ணீரில் பருப்பை வேகவைத்தேன். பூப்போல மலர்ந்து வெந்தது. சாயங்காலம் நீ சாப்பிட உட்கார்ந்து, "இன்னா இது, மெஷின்ல அரைச்ச மாதிரி கீது" என்றாய். நான் பெருமையாகச் சொன்னேன். நீ முதலில் விழுந்து விழுந்து சிரித்தாய். பிறகு சிரிப்பு நின்றது. கையில் பிசைந்த சோறு அப்படியே இருக்க, "அம்மா, இது வெந்திருக்கக் கூடாதே" என்றாய்.

அன்றைக்குத்தான் சொன்னாய், இந்த மணியில் இரண்டு ரகம் உண்டு என்று, பார்க்க இரண்டும் ஒரே மாதிரி. ஒரு ரகம் கிணற்றுத் தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பு, செம்பு மாதிரி தனியாக வருகிறதைப் பிடிக்கும். முலாம் தொட்டியில் தங்கம் தனியாக வருவதில்லை, சயனைடோடு கை கோத்துக்கொண்டு வருகிறது, அதைப் பிடிக்க வேறு ரகம் வேண்டும். பருப்பு வெந்தது என்றால் பட்டறைக்கு வந்த மூட்டை முதல் ரகம். அப்படியானால் தங்கம் முழுக்கச் சாக்கடையில் போய்க்கொண்டிருக்கிறது. மூட்டை வாங்கினவர் முதலாளியின் மச்சினன், ஏதோ ஐஸ் ஃபேக்டரியில் சல்லிசாகக் கிடைத்தது என்று வாங்கிப் போட்டவர். மறுநாள் நீ அவரிடம் சொன்னதற்கு, "ஒங்காத்தா பருப்பு வேவவெச்சதுக்கு நான் மூட்டைய மாத்தணுமாடா? வேலய பாருடா" என்றாராம். வந்து சொல்லிச் சிரித்தாய். முதலாளியிடமே போய்ச் சொல்லு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். "பெரிய எடத்துல வம்பு வேணாம் நைனா" என்றேன். இதுவும் நான் செய்ததுதான், எழுதிக்கொள்.

நாலைந்து மாசம் கழித்து மணியை எரித்தார்கள். சாம்பலில் குண்டுமணி தங்கம்கூட இல்லை. தங்கம் பிடித்த மணியை நீ எடுத்துக்கொண்டு வேறு மணியை வைத்துவிட்டாய் என்று மச்சினன் சொன்னார், முதலாளி நம்பிவிட்டார். மூட்டைச் சாக்கும் இல்லை, பில்லும் இல்லை. அந்த மூட்டையில் மிச்சம் என்று உலகத்தில் இருந்தது நம் வீட்டுப் பரண் மேல் இருந்த அந்த டப்பா ஒன்றுதான். மேலே பட்டறை முத்திரை போட்ட காகிதம்கூட ஒட்டியிருந்தது, அன்றைக்கே மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு எடுத்ததால். நீ முதலாளியிடம் போய், "நாலு பெரியவங்கள வெச்சிப் பாருங்க. நான் சொல்றது பொய்யின்னா போலீஸ்ல குடுங்க" என்று கேட்டாய். வெள்ளிக்கிழமை காலையில் உத்திரமேரூரில் அவருடைய ரைஸ் மில் களத்தில் பார்க்கலாம் என்று சொன்னார்.

நீ வீட்டில் ஒருதரம் செய்து பார்த்தாய். அரிக்கேன் விளக்கின் சிம்னிக் கண்ணாடியைக் கழற்றி, அடியில் துணி கட்டி, உள்ளே மணியைக் கொட்டினாய். கத்தரிச் செடிக்கு வாங்கி வைத்திருந்த மயில்துத்தத்தைக் கரைத்து மேலே ஊற்றினாய். மயில் கழுத்து நிறத்தில் உள்ளே போன தண்ணீர், அடியில் இளநீர் மாதிரி தெளிந்து சொட்டியது. கோமளா கை தட்டினாள். "தபாரும்மா, மயில்துத்தத்துல கீறது செம்பு. இந்த மணி செம்ப புடிச்சிக்கிச்சி. தங்கம் புடிக்கிற ரகமா இருந்தா நீலம் அப்படியே எறங்கும். இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்?" என்றாய். பிறகு மணியைக் கழுவி டப்பாவில் போட்டு வைத்தாய். எப்படிக் கழுவினாய் என்று நான் பார்க்கவில்லை, களை எடுக்கப் போய்விட்டேன். "வெள்ளிக்கெழம வரைக்கும் இத ஒருத்தரும் தொடக் கூடாது" என்றாய். என்னைப் பார்த்துத்தான் சொன்னாய்.

வியாழக்கிழமை மத்தியானம், டப்பா அந்த மூட்டையில் எடுத்ததுதான் என்று சாட்சி சொல்ல மேஸ்திரியைக் கையோடு அழைத்து வர நீ காஞ்சிபுரம் போயிருந்தாய். பக்கத்து வீட்டுப் பட்டம்மா வேலி ஓரம் நின்று, "இன்னாக்கா, நாளைக்கு மில்லுல ஒம்மவனுக்கு மாலயா, வெலங்கா?" என்றாள். எனக்குச் சுருக்கென்று இருந்தது. "வாடி உள்ள, எம்மவன் இன்னா வெச்சிகீறான்னு காட்டறேன்" என்று டப்பாவை இறக்கினேன். நீ செய்த மாதிரியே செய்து காட்டினேன். அவள் வாயைப் பிளந்தாள். அவள் போய் இன்னும் நாலு பேரைக் கூட்டி வந்தாள். வந்த ஒவ்வொருத்திக்கும் ஒரு சொம்பு ஊற்றினேன், என் மகன் திருடன் இல்லை, என் மகன் திருடன் இல்லை என்று ஒவ்வொரு சொம்புக்கும் சொல்லிக்கொண்டே ஊற்றினேன். கடைசியில் ஒருத்தி, "இன்னாக்கா, கீழயும் நீலமா வருதே" என்றாள். பார்த்தால் மணியெல்லாம் பாசி பிடித்த மாதிரி பச்சை நீலமாக இருந்தது. எல்லாரையும் போகச் சொல்லிவிட்டுக் கிணற்றுத் தண்ணீரில் அலசினேன். போகவில்லை. நீ வருவதற்குள் பழையபடி ஆக்கிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். அழுக்குத் தண்ணீரைத் தெளியவைக்க நம் பக்கத்தில் என்ன செய்வோம்? ஏரித் தண்ணீர் கலங்கி வந்தால் படிகாரத்தைக் கையில் பிடித்துக் குடத்துக்குள் நாலு சுற்றுச் சுற்றுவோம். என் கை பழகினது அதுதான். எலுமிச்சம்பழம் அளவு இருந்த படிகாரக் கட்டியைத் தட்டில் வைத்துத் தேய்த்துக் கரைத்து, அந்தத் தண்ணீரில் மணியைப் போட்டுப் பிசைந்தேன். நீலம் வெளியே வந்தது. ஊற்றிவிட்டு மறுபடி கரைத்தேன். நாலைந்து தண்ணீர் மாற்றினேன். கட்டி புளியங்கொட்டை அளவுக்கு வந்துவிட்டது, மணி பழையபடி மஞ்சளாக, பளபளவென்று, நீ வைத்துவிட்டுப் போனதைவிடச் சுத்தமாக இருந்தது. நல்ல தண்ணீரில் அலசி, ஈரம் போக உதறி, டப்பாவில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டு, கடவுள் காப்பாற்றினார் என்று கும்பிட்டேன் பாவி நான்.

களத்தில் நடந்ததை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நான் நின்ற இடத்திலிருந்து பார்த்ததை உனக்குச் சொன்னதே இல்லை. பெண்கள் எல்லாம் தவிட்டு மூட்டை ஓரமாக நின்றோம். நீ வெள்ளைச் சட்டை போட்டிருந்தாய். முதலாளி நாற்காலியில், பக்கத்தில் இரண்டு பெரியவர்களும் மேஸ்திரியும். நீ எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாய்: "தண்ணி தெளிஞ்சி வந்தா மூட்ட தப்பு. நீலமாவே வந்தா மூட்ட சரி, நான் திருடன்." அப்படி ஏன் சொன்னாய் நைனா? அவ்வளவு நம்பிக்கை. மச்சினன், "மயில்துத்தத்துல வித்த காட்டறான். அடுத்தது மாங்கொட்ட நட்டு மரம் வரவெப்பான்" என்றார், எல்லாரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். ஊற்றினாய். நீலமாக உள்ளே போனது. நீலமாகவே கீழே இறங்கியது. நீ குனிந்து பார்த்தாய். இன்னும் கொஞ்சம் ஊற்றினாய். அதுவும் நீலம். நெல் பொறுக்கும் குருவிகள் கத்திக்கொண்டிருந்தன. "நீ சொன்ன பேச்சுப்படியே இது தங்கம் புடிக்கிற ரகம்தான். அப்போ தங்கம் எங்கடா?" என்று முதலாளி கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பேன்.

எனக்குத் தெரிந்தது. எப்படி என்று தெரியாது, ஏன் என்று தெரியாது, ஆனால் நான் தொட்டதால்தான் என்று தெரிந்துவிட்டது. வாயைத் திறந்து "ஐயா, நேத்து நான் இத அலசினேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. மகனைக் காப்பாற்ற ஆத்தா கதை கட்டுகிறாள் என்று சிரிப்பார்கள் என்று நினைத்தேனா, நீ என்னை வெறுத்துவிடுவாய் என்று பயந்தேனா, இரண்டில் எது முதலில் வந்தது என்று இத்தனை நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பட்டம்மா என் கையைக் கிள்ளினாள். அவளுக்கும் தெரியும், நேற்று முதல் சொம்பு தெளிந்து வந்ததை அவள் கண்ணால் பார்த்தாளே. நான் கையை இழுத்துக்கொண்டேன். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றேன். இரக்கப்பட்டுப் போலீசுக்குப் போகாமல் விடுகிறேன், இனி என் கண்ணில் படாதே என்று முதலாளி எழுந்து போனார். நீ மணியைத் திரும்ப டப்பாவில் போட்டாய், ஒவ்வொன்றாகப் பொறுக்கி. அதை வீட்டுக்குக்கூடக் கொண்டுவரவில்லை, மில் வாசல் சாக்கடையில் கொட்டிவிட்டு வந்தாய்.

மூன்றாம் நாள் முதல் பஸ்ஸில் மெட்ராஸுக்குப் போனாய். காஞ்சிபுரத்தில் எந்தப் பட்டறையும் உன்னைச் சேர்க்கவில்லை, இங்கே கிடைத்த பேர் அங்கேயும் உனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. கடைசியில் மெட்ராஸில் பேர் கேட்காத ஒரு முலாம் ஷெட்டில் சேர்ந்தாய். அமிலத் தண்ணீரும் சயனைடுத் தண்ணீரும் ஒரே குழிக்குப் போகிற இடமாம். அந்த இரண்டும் சேரவே கூடாது, சேர்ந்தால் ஆளைக் கொல்கிற விஷக் காற்று கிளம்பும் என்று எனக்கே சொல்லித் தந்தவன் நீ. குழி அடைத்துக்கொண்டது என்று நீ இறங்கினாய் என்று சொன்னார்கள். பத்து மாசம்தான் அங்கே இருந்தாய். வேனில் கொண்டுவந்தார்கள். உன் முகத்தில் ஒரு காயமும் இல்லை, தூங்குகிற மாதிரி இருந்தாய். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியாது.

உன் பெட்டியை ஒன்றே முக்கால் வருஷம் திறக்கவில்லை. போன மாசம் திறந்தேன். உன் நோட்டு இருந்தது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி ஒரு நாளைக்கு நாலு வரி வீதம் படித்தேன், உன் பேச்சைக் கேட்கிற மாதிரி இருக்கும் என்று. ஒரு பக்கத்தில் மணியைக் கழுவுவது என்று எழுதி, கல் உப்பைக் கெட்டியாகக் கரைத்து ஊறவைக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழே, படக்கூடாதது என்று. ப, டி, கா, ர, ம். கூட்டிப் படித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து கூட்டினேன், வேறு எதுவாவது வராதா என்று. "படிகாரம் படக்கூடாது. அதில் உள்ள அலுமினியம் மூணு சீட்டைப் பிடித்துப் படுத்துக்கொள்ளும். செம்பு வந்து தட்டினாலும் எழுந்திருக்காது." அப்படியே எழுதியிருந்தாய், எனக்குச் சொன்ன மாதிரியே, பஸ்ஸை வைத்து. நோட்டை மூடிவிட்டுப் போய் கிணற்றுக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே எட்டிப் பார்த்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். கோமளா பின்னால் வந்து "பருப்புக்குத் தண்ணி எடுக்கலியாம்மா" என்று கேட்டதால் குடத்தை இறக்கினேன்.

பருப்பு என்றதும்தான் ஞாபகம் வந்தது. அந்த முதல் நாள், பருப்பு பூப்போல வெந்ததே, அந்த ஆசையில் உனக்குத் தெரியாமல் இரண்டு கைப்பிடி மணியைத் துணியில் முடிந்து அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அப்புறம் வந்த பேஜாரில் மறந்தே போனேன். தேடினேன், இருந்தது. ஒரு மணிகூடக் கெடவில்லை. மறுநாள் மத்தியானம் தனியாக உட்கார்ந்து நீ எழுதி வைத்தபடி கல் உப்பில் ஊறவைத்து அலசினேன். இரண்டு பங்காகப் பிரித்தேன். ஒரு பங்கைச் சிம்னியில் போட்டு மயில்துத்தம் ஊற்றினேன். தெளிந்து வந்தது, நைனா, கண்ணீர் மாதிரி தெளிந்து வந்தது. மறு பங்கைப் படிகாரத்தில் அலசிவிட்டு ஊற்றினேன். நீலம் அப்படியே இறங்கியது. களத்தில் இறங்கின அதே நீலம். நான் மண்ணில் விழுந்து அந்தத் தண்ணீரைக் கையால் அறைந்தேன். என் மகன் சொன்னது அத்தனையும் சத்தியம் என்று எனக்கு நிரூபணம் ஆனது, கேட்க நீ இல்லை.

தெளிந்து வந்த பங்கை மறுபடி உப்பில் அலசி ஒரு சொம்பில் போட்டுத் துணி கட்டி வைத்திருக்கிறேன். உலகத்தில் மிச்சம் அவ்வளவுதான், ஒரு கைப்பிடி. ஒரு மாசமாக அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என் கையை இடுப்பில் சொருகிக்கொண்டு போகிறேன். நாளைக்குக் காலையில் அதையும், சிம்னியையும், ஒரு படிகாரக் கட்டியையும் எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போகப் போகிறேன். பட்டம்மாவிடம் சொல்லிவிட்டேன். "நான் வந்து பார்த்தத சொல்றேங்க்கா. அன்னிக்கே சொல்லியிருப்பேன், நீ கைய இழுத்துக்கினியே" என்றாள். முதலாளி எதிரில் இரண்டு விதமாகவும் செய்து காட்டுவேன். நம்பினால் நம்பட்டும், சிரித்தால் சிரிக்கட்டும், அதே களத்தில் அதே ஆட்கள் எதிரில் என் மகன் திருடன் இல்லை, நான்தான் குற்றவாளி என்று ஒருதரம் சத்தமாகச் சொன்னால்தான் எனக்குச் சோறு இறங்கும். அதற்கு முன்னால் கோமளாவிடம் சொல்ல வேண்டும். களத்தை விட அதுதான் பயமாக இருக்கிறது. அண்ணனைக் கொன்றவளோடு ஒரே பாயில் படுத்தோமே என்று அவள் நினைப்பாள். நினைக்கட்டும். பெருநகர்க்காரர்கள் வந்தாலும் வராவிட்டாலும் அவள் அண்ணன் பேர் அவளுக்குச் சுத்தமாகக் கிடைக்கட்டும்.

பெற்றவள் எழுதுகிற கடிதத்தில் புத்தி சொல்லியே பழக்கம். வெறும் வயிற்றோடு பஸ் ஏறாதே. நாஷ்டா பண்ணாமல் வேலைக்குப் போகாதே. பெரிய இடத்தைப் பார்த்து வாயை மூடாதே, அம்மா சொன்னாலும் மூடாதே. உயிருக்குச் சமமான சாட்சியை வீட்டில் வைக்காதே, அன்பாக இருக்கிறவர்கள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைக்கவே வைக்காதே. இப்படி எழுதிக்கொண்டே போகிறேன், யாருக்கு எழுதுகிறேன் என்று பேனா நிற்கிறது.

ஒன்றை எழுதாமல் விட்டேன். தள்ளிக்கொண்டே வந்தேன், பஸ் வருகிற நேரம் ஆகிவிட்டது, இனி தள்ள முடியாது. களத்திலிருந்து வந்த அன்றைக்கு நீ நேராகத் தண்ணீர்க் குடத்துக்குப் போனாய். குடத்துப் பக்கத்தில் மாடத்தில் அந்தப் படிகாரம் இருந்தது, புளியங்கொட்டை அளவுக்குத் தேய்ந்து போய். முதல் நாள் அது எவ்வளவு பெரிசாக இருந்தது என்று உனக்குத் தெரியும், கூரத்துத் தேர்த் திருவிழாக் கடையில் வாங்கி வந்தவனே நீதான். நீ அதை எடுத்தாய். விரலால் உருட்டிப் பார்த்தாய். நாக்கில் வைத்தாய். பிறகு இருந்த இடத்திலேயே பத்திரமாக வைத்துவிட்டு, திரும்பி என்னைப் பார்த்தாய். நான் அடுப்பை ஊதுகிற மாதிரி குனிந்துகொண்டேன். "கஞ்சி இருந்தா ஊத்தும்மா, பசிக்குது" என்றாய். மறுநாளும் நீ மில்லுக்குப் போய் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு மறுநாளும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் பஸ் ஏறும்போது என் கையைப் பிடித்து, இந்தச் சும்மா இருக்காத கையைப் பிடித்து, கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுப் போனாய்.

அந்தப் படிகாரத்தைக் கையில் எடுத்தபோதே உனக்கு எல்லாம் தெரிந்துவிட்டதா, நைனாக்கண்ணு?